மானியப் பட்டியலில் பெயர் யாருடையது, பணம் யாருக்கு? (ரெயூனியோன் கரும்பு, போசேய்)

செம்மண் · சேன்-அந்த்ரே

மே மாதக் கடைசியில் பிரான்சு வேளாண் அமைச்சகம் வழக்கம்போல ஐரோப்பிய மானியம் வாங்கினவர்களின் பட்டியலைப் போட்டுவிட்டது. பெயரையோ ஊரையோ தட்டினால் யாருக்கு எந்தத் திட்டத்தில் எவ்வளவு என்று வந்துவிடும். நாங்கள் இருப்பது இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரான்சின் தீவான ரெயூனியோனில். எங்கள் ஊரில் நிறையப் பேர் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். கோவில் கமிட்டியில் தீமிதிச் செலவு பற்றிப் பேசும்போது ஒருவர் கைப்பேசியை என் மாமனார் பக்கம் நீட்டி, "ஐரோப்பா உங்களுக்கு இவ்வளவு கொடுக்கிறதே, இந்த வருஷம் கொஞ்சம் கூடப் போடலாமே" என்று தீவு மொழியான கிரியோலில் கேட்டுவிட்டார். மாமனார் பதில் சொல்லவில்லை.

எங்களுக்கு இருப்பது ஆறு எக்டேர். பாதி சரிவு. இயந்திரம் ஏறாது, கையால்தான் வெட்ட வேண்டும். வெட்டுக்கூலி, உரம், டிராக்டர் தவணை எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று கேட்டவருக்குத் தெரியாது. பட்டியலும் அதைச் சொல்லாது.

அதற்காகப் பட்டியலையே எடுத்துவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பொதுப் பணம் வாங்குகிறோம், பெயர் வரட்டும். என் கேள்வி வேறு.

ஐரோப்பிய ஒன்றியம் பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்களுக்குப் போசேய் என்ற வேளாண் உதவித் திட்டத்தில் ஆண்டுக்கு ஒதுக்கும் உச்சவரம்பு 278.41 மில்லியன் யூரோ. 2013ஆம் ஆண்டின் 228ஆம் எண் ஒழுங்குமுறையிலேயே இந்தத் தொகை இருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி, 129 மில்லியன், வாழைக்கு, அதாவது மர்திநீக்குக்கும் குவாதலூப்புக்கும். சர்க்கரை ஆலைகளுக்கான உதவி சுமார் 59 மில்லியன். அதில் பெரும்பகுதி நம் தீவுக்கு வருகிறது. நம் தீவில் இருப்பது இரண்டே ஆலை, புவா-ரூஜும் லெ கோலும். இரண்டும் தெரெயோஸ் என்ற பிரெஞ்சு சர்க்கரைக் குழுமத்தின் கையில்.

ஆலைக்கு ஏன் இவ்வளவு? 2006இல் ஐரோப்பா சர்க்கரைக்குத் தந்த உத்தரவாத விலையை 36 சதவீதம் குறைத்தது. அந்த அடி கரும்பு விலையில் விழாமல் இருக்கத்தான் ஆலைக்கு உதவி. அதாவது விவசாயி பெயரைச் சொல்லி ஆலை வழியாக வரும் பணம். பட்டியலில் அது ஒரே வரி. அந்த ஒரு வரியில் எவ்வளவு கரும்பு விலையாக எங்கள் கைக்கு வந்தது, எவ்வளவு ஆலைச் செலவுக்குப் போனது? ஆறு எக்டேர்காரனின் தொகையைச் சந்தையில் நிற்கிறவர்கூட கைப்பேசியில் பார்க்கலாம். இதை மட்டும் எங்கே போய்ப் பார்ப்பது?

---

வில்லியனூர் · சேன்-தெனி

அக்கா, நான் கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன், இந்த விஷயத்தை வெகு நாளாகப் பார்த்துவருகிறேன். முதலில் பட்டியல் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் "பெயரை ஏன் போடுகிறான்" என்று பலர் கோபப்படுகிறார்கள்.

இதை எந்த அரசும் தானாகக் கொடுக்கவில்லை. 2004இல் டென்மார்க்கில் செய்தியாளர்கள் கேட்டு வாங்கினார்கள். அடுத்த ஆண்டு பார்ம்சப்சிடி என்ற குழு உருவாகி நாடு நாடாகத் தகவல் கேட்க ஆரம்பித்தது. பிரிட்டனில் பெயர்கள் வெளிவந்தபோது மேலே இருந்தவர்கள் சின்ன விவசாயிகள் அல்ல. பெரும் நிலப்பிரபுக்களும் சர்க்கரை, பால் நிறுவனங்களும்தான். பிறகு ஒன்றியமே சட்டம் போட்டு, 2009 ஏப்ரல் 30க்குள் எல்லா நாடுகளும் பெயர் வெளியிட வேண்டும் என்றது.

ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஒரு பண்ணைக் கூட்டு நிறுவனமும் ஒரு தனி விவசாயியும் வழக்குப் போட்டார்கள். 2010 நவம்பர் 9 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: நிறுவனங்களின் பெயரைப் போடலாம், தனி மனிதர்கள் விஷயத்தில், எவ்வளவு வாங்கினார், எத்தனை காலம் வாங்கினார் என்ற வித்தியாசம் எதுவும் பார்க்காமல் எல்லோரையும் ஒன்றாகப் போடுவது அளவுக்கு மீறியது. சில வருஷம் தனி மனிதர் பெயர் மறைந்தது. 2013இல் புதுச் சட்டத்தில் திரும்ப வந்தது. இப்போது ஆண்டுக்கு 1,250 யூரோ வரை வாங்குகிறவர் பெயர் வராது, அதற்கு மேல் போனால் வரும்.

இன்னொன்று. வெளியிட்ட நாளிலிருந்து இரண்டு வருஷம்தான் பட்டியல் நிற்கும், அப்புறம் எடுத்துவிடுவார்கள். கணக்கு ஆண்டும் ஜனவரியில் தொடங்காது, அக்டோபர் 16இலிருந்து அடுத்த அக்டோபர் 15 வரை. ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்கள் வருஷா வருஷம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

---

எடைமேடை · சேன்-லூயி

நான் பெயர் போடுவதற்கு எதிரி. வெளிப்படையாகவே சொல்கிறேன்.

இது சின்ன ஊர். ஒரு தொகுதியில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். பாரிஸ் பக்கத்தில் 300 எக்டேர் கோதுமைக்காரன் பெயர் வந்தால் அவன் பக்கத்து வீட்டுக்காரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். இங்கே பெயர் வந்தால் அண்ணன் தம்பி பேச்சு நின்றுவிடுகிறது. அறுவடைக் காலத்தில் டிராக்டரில் கரும்பு ஏற்றிக்கொண்டு எடைமேடையில் வரிசையில் நிற்கிறவன் நான். என் காதில் விழுவதெல்லாம் "அவனுக்கு இவ்வளவாம், இவனுக்கு அவ்வளவாம்" என்பதுதான். எடையைப் பற்றியும் சர்க்கரைச் சத்தை அளப்பது பற்றியும் பேச வேண்டிய இடத்தில் பக்கத்து வயல்காரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2025 பிப்ரவரி 28 அன்று கராந்ஸ் புயல் அடித்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் பெலால். கரும்பு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த நஷ்டத்துக்குப் பட்டியல் இருக்கிறதா? வரவு மட்டும் ஊருக்குத் தெரிய வேண்டும், கடன் மட்டும் வீட்டுக்குள் இருக்க வேண்டுமா?

நிறுவனம், கூட்டுறவு, ஆலை என்று வாங்குகிறவன் பெயரைப் போடு. பத்து எக்டேருக்குக் கீழே இருக்கிற குடும்பத்தை விட்டுவிடு.

---

காய்கறித் தோட்டம் · பெத்தித்-ஈல்

நான் யாழ்ப்பாணத்தில இருந்து வந்தனான். இங்கே வாடகை நிலத்தில் கத்தரி, மிளகாய், வெங்காயம் செய்து சனிக்கிழமையில் சேன்-பியேர் சந்தையில் விற்கிறோம். உங்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. ஏனென்றால் எனக்கு ஒன்றுமே வருவதில்லை.

காரணம் கேட்டால், மரக்கறிக்குப் போசேய் உதவி வேண்டுமென்றால் அங்கீகரித்த உற்பத்தியாளர் அமைப்பு ஒன்றின் மூலம் விற்க வேணும் என்றார்கள். நேராகச் சந்தையில் விற்கிறவளுக்கு அது கிடையாது. அமைப்பில் சேரலாம் என்றால் அவர்கள் கேட்கிற அளவு, தரம், நாள் எல்லாம் என் துண்டு நிலத்துக்குப் பொருந்தாது.

அண்ணை, நீங்கள் பெயர் வருகிறதே என்று கவலைப்படுகிறீர்கள். எனக்கோ யாருக்குக் கிடைக்கவில்லை என்று காட்டுகிற பட்டியல் ஒன்று வேணும் போல இருக்கிறது. இந்தத் தீவில் பண்ணைகள் ஆறாயிரத்துச் சொச்சம் என்று 2020 வேளாண் கணக்கெடுப்பு சொல்லுது. அதில் எத்தனை பேர் போசேயில் ஒரு சதமும் காணாதவர்கள்? ஊர் ஊராக அந்த எண்ணிக்கையைப் போட்டால் போதும். ஒருவர் பெயரும் தேவையில்லை.

---

செம்மண் · சேன்-அந்த்ரே

தங்கச்சி சொன்னது முக்கியமான விஷயம். பெயர் சொல்லாமலேயே எவ்வளவோ வெளிப்படையாக இருக்கலாம். எங்கள் சண்டை முழுக்கப் பெயரில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

எடைமேடை அண்ணா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, எங்கள் வீட்டிலேயே நடந்ததுதான். ஆனால் பத்து எக்டேருக்குக் கீழே மறைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நிலத்தைப் பிள்ளைகள் பெயரில் ஒன்பது ஒன்பதாகப் பிரித்து எழுதுகிறவர் வருவார். வெட்டாத நிலத்துக்கு, காடாகக் கிடக்கிற துண்டுக்கு அறிவிப்புக் கொடுத்து வாங்குகிறவர் வருவார். அவரைப் பிடிக்கக்கூடியது பக்கத்து வயல்காரர் மட்டுந்தான். அரசு அதிகாரி எத்தனை வயலுக்கு வருவார்?

வருஷா வருஷம் தெலெபாக் என்ற அரசு இணையதளத்தில் எங்கள் நில அறிவிப்பை ஏற்றுவது என் வேலை. வானிலிருந்து எடுத்த படத்தின் மேல் கோடு போட்டு ஒவ்வொரு துண்டாக அடையாளம் காட்ட வேண்டும். ஓடை ஓரம், பாறை, கொட்டகை எல்லாம் கழிய வேண்டும். நான் கோட்டை ஒரு மீட்டர் தள்ளிப் போட்டால்கூட அது பொதுப் பணத்தில் ஒரு துளி. அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிற நினைப்பே மனிதரை ஒழுங்காக வைத்திருக்கும். இது என் உறுதியான எண்ணம்.

ஆனால் பார்க்கும் உரிமை கீழ்நோக்கி மட்டும் இருக்கக் கூடாது. அறுவடை முடிந்து ஆலையிலிருந்து மாமனாருக்கு வந்த கணக்குச் சீட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. முதல் வரி டன். அடுத்து சர்க்கரைச் சத்து. 13.8 என்பது அடிப்படை. அந்தச் சத்துள்ள கரும்புக்கு டன் ஒன்றுக்கு 39.09 யூரோ. ரொம்ப வருஷமாக நகராத எண் அது. உர விலை, டீசல் விலை எங்கே போய்விட்டது என்று உங்களுக்குத் தெரியும். சத்து கூடினால் விலை கூடும், மழை பெய்து சத்து இறங்கினால் குறையும். அதற்குக் கீழே சக்கைக்கான தொகை. அதற்கும் கீழே அரசு உதவிகள் தனித்தனி வரியாக. ஒவ்வொரு வரிக்கும் எங்கள் பக்கத்தில் கணக்கு இருக்கிறது. எங்கள் எடை, எங்கள் சத்து, எங்கள் எக்டேர் எல்லாம் ஆலைக்குத் தெரியும், அரசுக்கும் தெரியும்.

எதிர்ப்பக்கம் என்ன தெரிகிறது? எங்கள் கரும்பிலிருந்து வந்த சர்க்கரையை என்ன விலைக்கு விற்றார்கள், கடையில் தனி விலை பெறும் பழுப்புச் சர்க்கரை எவ்வளவு, மொலாசஸ் எவ்வளவு, ரம் வடிக்க எவ்வளவு போனது? அந்தச் சக்கை எரிந்து மின்சாரமாகிறதே, அதில் எங்கள் பங்கை எந்த அடிப்படையில் தீர்மானித்தார்கள்? 2022 ஜூலையில் ஆலையோடு புதுக் கரும்பு ஒப்பந்தப் பேச்சு முறிந்து டிராக்டர்கள் ஆலை வாசலை மறித்து நின்றதே, விலை மட்டுமா காரணம்? கணக்கைக் காட்டு என்பதும் சேர்ந்துதான். 2027 வரைக்கும் கையெழுத்தாகிவிட்டது. அடுத்த பேச்சுக்கு இன்னும் அதிக நாள் இல்லை.

---

தென்பெண்ணை · விழுப்புரம், இப்போது சேன்-தெனி

எங்கள் ஊர்க் கதை ஒன்று இங்கே உதவும் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் பி.எம். கிசான் திட்டத்தில் விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் விழும். கிராம வாரியாகப் பயனாளிகள் பட்டியலை யாரும் பார்க்கலாம். வெளிப்படையான திட்டம்தான். அப்படி இருந்தும் 2020இல் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான தகுதியில்லாத பெயர்கள் ஏறின. 110 கோடி ரூபாய்க்கு மேல் போனது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் அதிகம். அதிகாரிகளின் கடவுச்சொல்லை வைத்துக் கணினி மையங்களில் பெயர் ஏற்றியிருக்கிறார்கள். நிலமே இல்லாதவர்கள் கணக்கிலும் பணம் விழுந்தது, பலருக்கு அது எந்தப் பணம் என்றே தெரியாது.

பிடிபட்டது எப்படி? சில மாதத்துக்குள் எண்ணிக்கை திடீரென்று எகிறியது கண்ணில் பட்டதால். அதாவது யாரோ ஒருவர் மொத்த எண்ணிக்கையை மாதா மாதம் ஒப்பிட்டுப் பார்த்ததால். வில்லியனூர் சொன்ன மாதிரி இரண்டு வருஷத்தில் பட்டியலை எடுத்துவிட்டால் இந்த மாதிரி ஒப்பிடவே வழியில்லை. பெயர் வருகிறதா இல்லையா என்பதைவிட இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

செம்மண் அக்கா கேட்ட ஆலை விஷயத்துக்கும் அங்கே ஓர் ஒற்றுமை உண்டு. இந்தியாவில் உர மானியம் விவசாயிக்கென்றுதான் பேர். பணம் போவது உர நிறுவனத்துக்கு. விவசாயி விலை குறைவாக மூட்டையை வாங்குகிறார், அவ்வளவுதான். கடையில் கைரேகை வைத்து விற்ற மூட்டைக்குத்தான் நிறுவனத்துக்குப் பணம் என்று 2018இலிருந்து நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். குறையெல்லாம் இருக்கட்டும், விற்ற மூட்டைக்கும் கொடுத்த பணத்துக்கும் ஒரு முடிச்சு விழுந்தது. இங்கே வாங்கின கரும்புக்கும் ஆலைக்குக் கொடுத்த பணத்துக்கும் அப்படி ஒரு முடிச்சை மக்கள் பார்க்கிற இடத்தில் போட முடியாதா?

---

பாம்ப்லமூஸ் · மொரிஷியஸ்

பக்கத்துத் தீவிலிருந்து ஒரு வார்த்தை. நீங்கள் பட்டியல் போதாது என்கிறீர்கள், எங்களுக்குப் பட்டியலே இல்லை. தகவல் உரிமைச் சட்டம் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதியில் வருகிறது, சட்டமாக வரவில்லை.

2006 விலை வெட்டுக்குப் பிறகு ஐரோப்பா எங்களுக்கும் சர்க்கரைத் துறையைத் திருத்த நிதி கொடுத்தது. ஆலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து சிலவே மிஞ்சின. என் தாத்தா காலத்துச் சின்னக் கரும்புக்காரர்கள் நிலத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கம் எத்தனையோ துண்டுகள் புதராகக் கிடக்கின்றன. அந்த நிதி யார் யாருக்கு எவ்வளவு போனது என்று ஒரு சாதாரண ஆள் உட்கார்ந்து பார்க்க முடியாது.

சக்கைக்குச் சரியான விலை வேண்டும் என்று எங்கள் ஆட்கள் பல வருஷம் கத்தினார்கள். கடைசியில் 2021 பட்ஜெட்டில்தான் சர்க்கரை டன்னுக்கு 3,300 மொரிஷியஸ் ரூபாய் என்று வைத்தார்கள். அதற்கு முன்னால் கிடைத்தது வெகு சொற்பம். மின்சாரத்தின் கணக்கு ஆரம்பத்திலிருந்தே வெளியில் இருந்திருந்தால் இத்தனை வருஷம் ஆகியிருக்காது.

---

எடைமேடை · சேன்-லூயி

தென்பெண்ணை தம்பி சொன்ன முடிச்சு எனக்குப் பிடித்திருக்கிறது. சரி, பெயர் விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை. ஆனால் பெயர் போட்டே ஆக வேண்டும் என்றால் தொகைக்குப் பக்கத்தில் எக்டேரையும் டன்னையும் சேர்த்துப் போடட்டும். 20,000 யூரோ என்று மட்டும் பார்த்தால் ஊர் பேசும். இத்தனை டன் வெட்டினான், அதற்கு இது என்று பார்த்தால் பேச்சு குறையும்.

அப்புறம் இன்னொன்று கேட்க வேண்டும். பாரிஸ் கொடுக்கிற பணம் இந்தப் பட்டியலில் வருமா?

---

வில்லியனூர் · சேன்-தெனி

வராது அண்ணா, பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இது ஐரோப்பிய வேளாண் நிதிக்கான பட்டியல். நாட்டுக்கு இவ்வளவு சர்க்கரை என்று ஐரோப்பா வைத்திருந்த ஒதுக்கீட்டு முறை 2017 அக்டோபரில் முடிந்தபோது, கடல்கடந்த பகுதிக் கரும்புக்காக ஆண்டுக்கு 38 மில்லியன் யூரோ வரை கூடுதலாகக் கொடுக்க பிரான்சுக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பிருந்தே 90 மில்லியன் இருந்தது. இவை பிரான்சு அரசின் சொந்தப் பணம், ஊர் வாரியாக நீங்கள் தட்டிப் பார்க்கும் இடத்தில் இல்லை. கரும்பில் இருக்கிறவர்களுக்கு இரண்டும் சேர்ந்தால்தான் முழுக் கணக்கு. ஒரு பாதியைக் காட்டிவிட்டு "வெளிப்படையாக இருக்கிறோம்" என்றால் அது எப்படிச் சரி?

தென்பெண்ணையின் குறைக்கு ஓரளவு மருந்து உண்டு. பழைய ஆண்டுகளின் தரவைப் பார்ம்சப்சிடி போன்றவர்கள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 2023இல் தொடங்கிய ஐரோப்பிய மானியத்தின் புதுத் திட்டக் காலத்தில், வாங்குகிற நிறுவனம் ஒரு குழுமத்தைச் சேர்ந்தது என்றால் தாய் நிறுவனத்தின் பெயரும் வர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நல்ல விதி. ஒரே குழுமம் நாலு பெயரில் வாங்கினால் கூட்டிப் பார்க்கலாம்.

ஆலைக் கணக்கைப் பொறுத்தவரை சட்டப்படி ஒரு வழி இருக்கிறது. 1978 ஜூலை 17 சட்டத்தில் தொடங்கிய உரிமைப்படி அரசு அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தை யாரும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் மறுத்ததாகக் கணக்கு. அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள், ஆவணம் தர மறுத்தால் முறையிடுவதற்கான காதா ஆணையத்துக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. வணிக ரகசியம் என்று சில பக்கங்களை அடித்துத்தான் கொடுப்பார்கள். எனவே நிறுவனத்தின் உள்கணக்கைக் கேட்காதீர்கள், கிடைக்காது. அரசு எந்த நிபந்தனையில் பணம் கொடுத்தது, அந்த நிபந்தனை நிறைவேறியதை எப்படிச் சரிபார்த்தது என்று கேளுங்கள். சரிபார்த்த அறிக்கை அரசின் ஆவணம்.

---

காய்கறித் தோட்டம் · பெத்தித்-ஈல்

அண்ணை, நான் கேட்ட எண்ணிக்கையையும் அப்படிக் கேட்கலாமோ? எந்த ஊரில் எத்தனை பண்ணை, அதில் எத்தனைக்குப் போசேய் கிடைத்தது என்று?

---

வில்லியனூர் · சேன்-தெனி

கேட்கலாம் தங்கச்சி. ஒன்று மட்டும் கவனம். இருக்கிற ஆவணத்தைத்தான் கொடுக்கக் கடமை, உங்களுக்காகப் புதிதாக ஒரு அறிக்கை தயாரிக்கக் கடமை இல்லை. அதனால் "எண்ணித் தாருங்கள்" என்று எழுதாமல், போசேய் பற்றிப் பிரான்சு ஆண்டுதோறும் பிரஸ்ஸல்சுக்கு அனுப்பும் செயலாக்க அறிக்கையையும், அதில் ரெயூனியோன் மரக்கறிப் பகுதிக்கான பின்னிணைப்பு அட்டவணைகளையும் கேளுங்கள். உதவி பெற்றவர் எண்ணிக்கை அங்கே இருந்தால், மொத்தப் பண்ணை எண்ணிக்கையிலிருந்து நாமே கழித்துக்கொள்ளலாம்.

---

செம்மண் · சேன்-அந்த்ரே

இரண்டு கடிதமாகப் போடுவோம். ஆலை உதவிக்கான நிபந்தனையும் சரிபார்ப்பு அறிக்கையும் ஒன்று. அதை நான் எழுதுகிறேன், மாமனார் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார். மரக்கறி அட்டவணை இன்னொன்று, அது தங்கச்சி பெயரில் போகட்டும், பிரெஞ்சில் எழுத நான் உதவுகிறேன். போசேய் பணத்தைப் பட்டுவாடா செய்வது ஓதேயாதோம் என்ற அரசு நிறுவனம், எனவே முதல் கடிதம் அவர்களுக்கு, நகல் இங்கே வேளாண் துறையின் தாஃப் அலுவலகத்துக்கு. இரண்டையும் ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் அனுப்புவோம். சீட்டில் இருக்கும் தேதியிலிருந்துதான் அந்த ஒரு மாதம் ஓடும்.

எடைமேடை அண்ணா, லெ கோல் பக்கத்திலிருந்தும் சிலர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நல்லது. கிழக்கு ஆள்கள் மட்டும் கேட்டதாக இருக்கக் கூடாது.

---

எடைமேடை · சேன்-லூயி

என் பெயரைப் போடுங்கள். இங்கே எடைமேடை வரிசையில் இன்னும் நாலைந்து பேரிடம் கேட்டுச் சொல்கிறேன். கடித வரைவை இங்கேயே ஒட்டிவிடுங்கள், பிரெஞ்சு படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வாசித்துச் சொல்கிறேன்.